தூவியின் வெம்மையும் நோன்பின் எடையும்

கொல்லாமை என்னும் தலையாய அறத்தை நாம் பெரும்பாலும் அடுக்களையில் வைத்தே பேசிப் பழகிவிட்டோம். எதனை உண்பது, எதனை விலக்குவது, எந்தப் பொழுதிற்குள் உண்டு முடிப்பது என்பன குறித்து நம் இல்லங்களில் சிறு பிள்ளைக்கும் ஐயம் எழுவதில்லை. ஆனால் உடுப்பது, போர்த்துவது, படுப்பது ஆகியவற்றைக் குறித்து அதே நுட்பத்தோடு நாம் எண்ணுகின்றோமா? இவ்வினாவை நானாக எழுப்பிக்கொள்ளவில்லை. எழுபது வயதைக் கடந்த என் முன்னே என் பேத்தி கொண்டுவந்து வைத்த வினா இது. உடனே விடை கூற இயலாமல் பல நாட்கள் எண்ணிப் பார்த்ததையே ஈண்டு எழுதுகின்றேன்.

நான் வாழும் பேரிகை, கருநாடக எல்லையை ஒட்டிய மேட்டுநிலத்து ஊர். கார்த்திகை பிறந்துவிட்டால் விடியற்காலையில் மூடுபனி இறங்கிவிடும். ஆடு மேய்ப்போர் கருங்கம்பளியைத் தலையோடு போர்த்துக்கொண்டு செல்வர். இதனையே பெருங்குளிர் என்று எண்ணி வாழ்ந்தவள் நான். ஓசூரில் தொழிற்சாலை ஒன்றில் பொறியாளராகப் பணிபுரியும் என் இளைய பேத்தியோ, சென்ற கார்த்திகையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து, தோழியர் நால்வருடன் இமயமலைப் பகுதிக்கு நடைப்பயணம் செல்லவிருப்பதாகக் கூறினாள். உத்தரகாண்ட் மாநிலத்து உத்தரகாசி மாவட்டத்தில் கேதார்காந்தா என்றொரு மலை உள்ளது. அதன் உயரம் ஏறத்தாழ 3,800 மீட்டர். சாங்க்ரி என்னும் சிற்றூரிலிருந்து புறப்பட்டு, பனி மூடிய காட்டு வழியே முதுகுச் சுமையுடன் நடந்து, இரவுகளைக் கூடாரத்தில் கழிக்க வேண்டும். மார்கழி இரவுகளில் அங்கு வெப்பநிலை பூச்சியத்திற்குக் கீழே பத்து டிகிரி வரையிலும் இறங்கக் கூடும்.

கொண்டுசெல்ல வேண்டிய பொருள்களின் பட்டியலில் ‘ஸ்லீப்பிங் பேக்’ எனப்படும் உறக்கப்பையும் இருந்தது. கடைகளைப் பார்த்து ஒன்றை ஏறக்குறையத் தேர்ந்துவிட்டிருந்தாள். பின்னர் அதன் சீட்டைப் படித்தபோது, உள்ளே நிரப்பியிருப்பது வாத்தின் மென்தூவி என்று கண்டிருந்ததாம். “பாட்டி, நாம் இதை வாங்கலாமா?” என்று கேட்டாள்.

வெம்மை எங்கிருந்து வருகிறது?

தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்க என்பது ஆசிரியப் பயிற்சியில் எங்களுக்குக் கற்பித்த முதற்பாடம். ஆகவே அப்பையைப் பற்றி முதலில் அவளிடமே கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

போர்வையோ பையோ வெப்பத்தை உண்டாக்குவதில்லை. வெப்பம் நம் உடலிலிருந்து தோன்றுகிறது. அவ்வெப்பம் வெளியே ஓடிவிடாமல் தடுப்பது ஒன்றே போர்வையின் தொழில். அசையாத காற்று வெப்பத்தை எளிதில் கடத்தாது. எனவே எந்தப் பொருள் மிகக் குறைந்த எடையில் மிகுந்த காற்றை அசையாமல் பிடித்து வைக்கிறதோ அதுவே சிறந்த போர்வை. வாத்து, பெருவாத்து ஆகியவற்றின் மார்பில் மேலிறகுகளுக்கு அடியே, நடுத்தண்டு இல்லாமல் எல்லாத் திசைகளிலும் விரியும் மெல்லிழைக் கொத்துகள் உண்டு. அவற்றையே நம் முன்னோர் தூவி என்றனர். நெடுநல்வாடையில், வாடைக்காலத்து இரவில் தனித்திருக்கும் அரசியின் படுக்கையில் அன்னத்தின் தூவி இடப்பட்டிருந்ததை நாம் கற்றிருக்கிறோம். ஆகவே பறவையின் தூவியில் உறங்கும் வழக்கம் தமிழருக்குப் புதிதன்று.

மலையேறுவோர் அதனை விரும்புவதற்குக் காரணங்கள் உள. 1922ஆம் ஆண்டு எவரெஸ்ட் பயணத்தில் ஜார்ஜ் ஃபின்ச் என்பவர் தூவி நிரப்பிய மேலங்கியை அணிந்து சென்றார். அன்று முதல் இன்றுவரை கடுங்குளிருக்குத் தூவிக்கு நிகரில்லை என்பதே மலையேறுவோர் பலரின் கருத்து. ஓர் அவுன்ஸ் தூவி எத்தனை கன அங்குலம் விரிகிறது என்பதை அளந்து அதற்கு ஓர் எண் தருகின்றனர். 550 என்பது எளிய தரம். 800, 900 என்பன உயர்தரம். எண் உயர உயர, அதே வெம்மைக்கு வேண்டிய தூவியின் எடை குறையும். அழுத்தினால் சிறு மூட்டையாகச் சுருங்கும். பிரித்து உதறினால் மீண்டும் பொங்கும். நன்கு பேணினால் இருபது ஆண்டுகளும் உழைக்கும். குறை ஒன்று உண்டு. நனைந்துவிட்டால் தூவி ஒட்டிக்கொண்டு காற்றைப் பிடிக்கும் ஆற்றலை இழந்துவிடும்; உலரவும் நெடுநேரமாகும்.

தூவி வந்த வழி

இவ்வளவு நலமுள்ள பொருளை விலக்குவதற்கு வலிய காரணம் வேண்டும். எனவே அது வந்த வழியைப் பார்ப்போம்.

உலகச் சந்தைக்கு வரும் தூவியில் பெரும்பகுதி, இறைச்சிக்காக வளர்த்துக் கொல்லப்பட்ட வாத்துகளிலிருந்து எடுக்கப்படுவது. சீனம் இதில் முதலிடம் வகிக்கிறது. சிறுபகுதி, உயிருள்ள பறவைகளிலிருந்து பறிக்கப்பட்டு வந்துள்ளது. இக்கொடுமையைக் குறித்து ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2010ஆம் ஆண்டில் ஓர் ஆய்வுரை வெளியிட்டது. இறகு தானே உதிரும் பருவத்தில் கழன்ற இறகை வாரி எடுத்தால் பறவைக்கு வலி இராது. பருவம் வராத இறகைப் பறித்தால் வலியும் காயமும் உண்டாகும். ஒரு கூட்டத்துப் பறவைகள் அனைத்தும் ஒரே நாளில் ஒரே பருவத்தில் இருப்பதில்லையாதலால் நடைமுறையில் இவ்விரண்டையும் பிரிப்பது கடினம் என்பது அதன் சாரம்.

2014ஆம் ஆண்டில் ‘பொறுப்புள்ள தூவித் தரநிலை’ என்னும் பொருள்படும் ஒரு சான்று முறை தொடங்கப்பட்டது. உயிரோடு பறித்தலையும், ஈரல் கொழுக்கக் குழாய்வழி இரை திணித்தலையும் அது தடை செய்கிறது. பேத்தி தேர்ந்திருந்த பையிலும் அச்சான்றின் முத்திரை இருந்தது. “இது நல்ல முறையில் எடுத்தது, பாட்டி” என்றாள் அவள். ஆனால் அச்சான்று கூறுவது யாது? அப்பறவை உயிரோடு பறிக்கப்படவில்லை என்பது மட்டுமே. அது கொல்லப்படவில்லை என்று சான்று கூறவில்லை, கூறவும் இயலாது. துன்பத்தைக் குறைப்பது நன்றே. அம்முயற்சியில் ஈடுபட்டோரை நான் போற்றுகின்றேன். எனினும் நம் நோன்பு தொடங்கும் இடம் அச்சான்று முடியும் இடத்திற்கும் அப்பால் இருக்கிறது.

மூவகைப் பங்கு

“வாத்தை இறைச்சிக்காகத்தானே கொல்கிறார்கள்? தூவி எஞ்சுவது. நாம் வாங்காவிட்டால் குப்பைக்குப் போகும். எஞ்சியதைப் பயன்படுத்துவதில் என்ன பிழை?” இது பேத்தியின் தோழி ஒருத்தி கூறிய வாதம். எளிதில் தள்ளத்தக்க வாதமன்று.

வினைக்கு மூன்று வாயில்களை நம் ஆகமங்கள் கூறுகின்றன. தானே செய்தல், பிறரைக் கொண்டு செய்வித்தல், பிறர் செய்ததற்கு உடன்படுதல் என்பன அவை. மனம், மொழி, மெய் ஆகிய மூன்றோடும் இவற்றை உறழ்ந்தால் ஒன்பது வழிகளாகும். கத்தியை எடுத்தவன் ஒருவனே ஆயினும், பயன் நுகர்வோன் தனக்குப் பங்கில்லை என்று கூறிவிட முடியாது. நம் நீலகேசி, புத்த சமயத்தாரோடு புலால் உண்ணுதலைப் பற்றி நிகழ்த்தும் வாதத்தின் மையமும் இதுவே. கொன்றவன் வேறு, விலைக்கு வாங்கி உண்பவன் வேறு என்னும் பிரிவினையை அவள் ஏற்கவில்லை. திருவள்ளுவரும் புலால் மறுத்தல் அதிகாரத்தில், வாங்குவோருக்கும் விற்போருக்கும் உள்ள தொடர்பை எடுத்துக்காட்டியே பேசுகின்றார்.

ஆனால் எஞ்சிய பொருளுக்கு இவ்வாதம் பொருந்துமா? எனக்குத் தோன்றுவது இது. வாத்து வளர்ப்போன் கணக்கு எழுதும்போது இறைச்சியின் விலையை மட்டும் எழுதுவதில்லை. தூவியின் விலையையும் சேர்த்தே வரவு வைக்கின்றான். அடுத்த ஆண்டு எத்தனை குஞ்சுகள் வளர்ப்பது என்பதை அந்த மொத்த வரவே முடிவு செய்கிறது. விலை கொடுத்து வாங்கப்படும் பொருள் குப்பையாகாது. நம் பங்கு சிறிது என்று கூறலாம். இல்லை என்று கூற இயலாது.

இன்னொன்றும் கருதத்தக்கது. இல்லறத்தார்க்கு முழு அகிம்சை இயலாது என்பதை நம் அறநூல்கள் நன்கறியும். அதனால்தான் கொலையை நால்வகையாகப் பிரித்தனர். மனைத்தொழிலில் நேர்வது, பிழைப்புத் தொழிலில் நேர்வது, தற்காப்பில் நேர்வது, எண்ணித் துணிந்து செய்வது என்பன அவை. முதல் மூன்றையும் குறைத்துக்கொள்க என்றும், நான்காவதை அறவே விடுக என்றும் விதித்தனர். சியாச்சினில் எல்லை காக்கும் வீரனுக்கு அரசு எந்த உடையைக் கொடுக்கிறதோ அதனை அவன் அணிவான். அவனிடம் போய் நாம் நோன்பு பேசுவது தகாது. ஆனால் மலையழகைக் காணச் செல்பவளுக்கு அந்த நெருக்கடி இல்லை. சீட்டைப் படித்து, பொருளின் தோற்றத்தை அறிந்து, மாற்றும் உண்டென்று தெரிந்த பின்னர் வாங்கினால், அது நான்காம் வகைக்கு மிக அருகில் சென்றுவிடுகிறது என்றே நான் அஞ்சுகின்றேன்.

உதிர்ந்த பீலியும் பறித்த தூவியும்

இங்கு ஒரு தடை எழலாம். திகம்பர முனிவர்கள் மயிற்பீலி ஏந்துகின்றனரே, அதுவும் பறவையின் இறகுதானே?

ஆம், இறகே. ஆனால் அது ஆண்டுதோறும் மயில் தானே உதிர்த்த பீலி. சிற்றுயிர்களுக்கு ஊறு நேராமல் இடத்தைத் துடைப்பதற்கென்று ஏந்துவது. ஆகவே நம் மரபு இறகைத் தீண்டாப்பொருளாகக் கருதவில்லை. அது எவ்வாறு வந்தது, எதற்குப் பயன்படுகிறது என்னும் இரண்டையுமே கேட்கிறது. இவ்வேறுபாட்டைப் பிள்ளைகளுக்கு நாம் விளக்க வேண்டும். விளக்கமின்றி ‘கூடாது’ என்று மட்டும் கூறினால், நாம் இல்லாத இடத்தில் அச்சொல்லுக்கு வலிமை இராது.

மயிற்பீலியை ஒத்த ஒரு தூவியும் உலகில் உண்டு. ஐஸ்லாந்து நாட்டில் ஐடர் என்னும் கடல்வாத்து, தன் மார்புத் தூவியைத் தானே உதிர்த்துக் கூட்டில் மெத்தையிட்டு முட்டைகளை அடைகாக்கிறது. அங்குள்ள உழவர்கள் அக்காட்டுப் பறவைகளை நரி முதலியவற்றிலிருந்து காத்து, கூடுகளிலிருந்து அத்தூவியைச் சேகரிக்கின்றனர். ஒரு கிலோ தூவிக்கு ஏறத்தாழ 60 கூடுகள் வேண்டும். அதன் விலை செல்வர்க்கும் எட்டாதது. கூட்டைக் கலைப்பது பறவைக்கு இடையூறாகாதா என்னும் கேள்வியும் எஞ்சுகிறது. எனினும் கொல்லாமலும் பறிக்காமலும் தூவி பெறுவது இயலாத செயலன்று என்பதை அது காட்டுகிறது. இயலாதது, அவ்வழியில் மலிவாகவும் மிகுதியாகவும் பெறுவதே.

மாற்று எது?

விலக்கு என்று கூறுவோர் மாற்றைக் கூறக் கடமைப்பட்டவர். பனிமலையில் தக்க போர்வை இல்லாமல் உயிருக்கு ஊறு தேடிக்கொள்வது நோன்பாகாது. குளிரைப் பொறுத்தல் இருபத்திரண்டு பரீஷகங்களுள் ஒன்று என்பது உண்மையே. அது துறவியர்க்கு விதித்தது. இருபத்தைந்து வயதுப் பெண்ணைப் போதிய காப்பின்றி அனுப்பிவிட்டு, அதனைத் தவம் என்று கூறும் உரிமை எந்தப் பாட்டிக்கும் இல்லை.

முதலில் என் நினைவுக்கு வந்தது நம் இலவம் பஞ்சு. போடிநாயக்கனூர்ப் பகுதியில் விளையும் அப்பஞ்சின் இழை உள்ளீடற்றது. அதனுள் காற்று நிறைந்திருக்கும். நீரில் மிதப்பதால் முற்காலத்தில் கப்பல்களின் உயிர்காப்பு அங்கிகளிலும் அதனை நிரப்பினர். ஆனால் அது அழுத்தினால் மீண்டும் எழாது; கட்டி கட்டியாகத் திரண்டுவிடும். வீட்டு மெத்தைக்கு உகந்தது, நாள்தோறும் சுருட்டிக் கட்டும் பைக்கு உகந்ததன்று. பருத்திப் பஞ்சோ ஈரத்தை உறிஞ்சி, உலராமல் உடலைக் குளிரச் செய்துவிடும். கம்பளி நல்லதே, ஆயினும் அதே வெம்மைக்கு மிகுந்த சுமையாகும், ஆட்டின் வாழ்வைப் பற்றிய கேள்வியும் அதனோடு வரும்.

எஞ்சுவது பாலியெஸ்டர் இழை நிரப்பிய பை. ஒரே வெம்மைக்குத் தூவிப் பையைவிட ஏறத்தாழ அரை கிலோ முதல் ஒரு கிலோ வரை எடை கூடும். மூட்டையும் பெரிதாகும். சில ஆண்டுகளில் இழை தளர்ந்து வெம்மை குறையும். நனைந்தாலும் ஓரளவு வெம்மை காக்கும் என்பதும், விரைவில் உலரும் என்பதும், விலை குறைவு என்பதும் அதன் நலங்கள். அது கல்லெண்ணெயிலிருந்து பிறப்பது. அதன் நுண்துகள்கள் நீர்நிலைகளில் கலந்து உயிர்களுக்கு ஊறு செய்யும் என்பதை மறைக்க நான் விரும்பவில்லை. முற்றும் குற்றமற்ற பொருள் இவ்வுலகில் இல்லை. ஆனால் ஒரு பொருள் தோன்றுவதற்கே உயிர்க்கொலை வேண்டும் என்பதும், பயன்படுத்துகையில் தீங்கு நேரக்கூடும், அதனை நம் கவனத்தால் குறைக்கலாம் என்பதும் ஒரே தரத்தன அல்ல. ஒரே பையை நீண்டநாள் பேணுவதும், வாங்காமல் இரவல் பெறுவதும் அக்கவனத்துள் அடங்கும். மிகுபொருள் சேர்க்காமை என்னும் நோன்பு இங்கே கொல்லாமைக்குத் துணை நிற்கிறது.

“பாலியெஸ்டர் பை இமயத்தில் போதுமா?” என்று என் மருமகள் அஞ்சினாள். அவளுக்கு மும்பையைச் சேர்ந்த குந்தல் ஜோயிஷர் என்னும் மலையேற்ற வீரரைப் பற்றிப் பேத்தி எடுத்துக்கூறினாள். விலங்குப் பொருள் எதனையும் உண்ணாத அவர் 2016ஆம் ஆண்டில் எவரெஸ்ட் சிகரத்தை அடைந்தார். அப்போது அவர் அணிந்திருந்த உடையில் தூவி இருந்தது, மாற்று கிடைக்கவில்லை. அது அவர் மனத்தை உறுத்தியது. பின்னர் இத்தாலிய நிறுவனம் ஒன்றின் துணையோடு தூவியில்லாத உடையைச் செய்வித்து, 2018இல் லோட்சே சிகரத்தையும், 2019இல் திபெத்துப் பக்கமாக மீண்டும் எவரெஸ்ட்டையும் அவ்வுடையிலேயே அடைந்தார். 8,848 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில் இயன்றது, 3,800 மீட்டரில் இயலாமற் போகுமா?

எனினும் கவனமாகத் தேர வேண்டும். இளைஞர்க்குப் பயன்படும் என்பதால் பேத்தி அறிந்து கூறியவற்றைக் குறிக்கின்றேன். பைகளின் சீட்டில் வெப்பநிலை எண்கள் அச்சிடப்பட்டிருக்கும். ஐ.எஸ்.ஓ. 23537 என்னும் பன்னாட்டுத் தரமுறைப்படி சோதித்த பையில், ‘இதமாக உறங்கத்தக்க நிலை’ என்றும் ‘தாங்கத்தக்க எல்லை’ என்றும் வெவ்வேறு எண்கள் இருக்கும். முன்னது ஒரு சராசரிப் பெண்ணையும், பின்னது உடல் சுருட்டிப் படுக்கும் ஒரு சராசரி ஆணையும் கருதிக் கணித்தவை. கடைக்காரர் பெரும்பாலும் இரண்டாவதையே பெரிதாகக் காட்டுவார். பெண்கள் முதல் எண்ணையே நோக்க வேண்டும். சோதனைக் குறிப்பே இல்லாத எண்ணை நம்பலாகாது. பையின் அடிப்பகுதி உடலின் எடையால் நசுங்கிவிடுமாதலால், தரைக்குளிரைத் தடுக்கத் தனி விரிப்பு இன்றியமையாதது. கழுத்தருகே காற்றடைப்பும், ஜிப் ஓரமாகத் தடுப்பும் இருத்தல் வேண்டும். உள்ளே பருத்தித் துணியுறை ஒன்றை இட்டுக்கொண்டால் பை அழுக்காகாது. ஈர உடையோடு படுக்கலாகாது. வீட்டில் வைக்கும்போது சுருட்டிக் கட்டாமல் தளரத் தொங்கவிட வேண்டும். உண்ட உணவே இரவெல்லாம் உடலுக்கு வெப்பம் தருவதாதலால், பொழுது சாய்வதற்குள் வயிறார உண்க என்று மட்டும் நான் என் பங்கிற்குச் சேர்த்தேன். வேர்க்கடலையும் வெல்லமும் கட்டிக் கொடுத்தேன்.

பேத்தி கேட்ட மறுவினா

இத்துடன் முடிந்திருந்தால் இக்கட்டுரையை எழுதியிருக்க மாட்டேன். நான் கூறிய அனைத்தையும் கேட்ட பின்னர் அவள் சிறிது நேரம் பேசாதிருந்தாள். பிறகு, “சரி பாட்டி, ஒரு கிலோ கூடுதலாகச் சுமந்துகொள்கிறேன். வாத்தின் தூவிக்கு இத்தனை ஆராய்ந்தீர்களே, தை மாதத்தில் அக்காளின் திருமணத்திற்குப் பட்டெடுக்கக் காஞ்சிபுரம் போகிறோமே, அது?” என்றாள்.

எனக்கு விடை கூற வாய் எழவில்லை. நான் வாழ்வது பட்டுப்புழு வளர்க்கும் சீமை. பேரிகையைச் சுற்றிலும் மல்பெரித் தோட்டங்கள். ஓசூரில் அரசின் பட்டு வளர்ப்புப் பயிற்சி நிலையம் உள்ளது. எங்கள் பக்கத்துக் கூடுகள் தருமபுரி அங்காடிக்கும், எல்லைக்கு அப்பால் ராமநகரத்திற்கும் செல்கின்றன. வீட்டில் தெலுங்கும் கன்னடமும் பேசும் பிள்ளைகளுக்கு நான் தமிழில் பாடம் சொன்ன ஆண்டுகளில், பட்டுப்பூச்சியின் வாழ்க்கைச் சுழலைக் கரும்பலகையில் எத்தனையோ முறை வரைந்திருக்கின்றேன். முட்டை, புழு, கூட்டுப்புழு, அந்துப்பூச்சி என நான்கு நிலைகள். ஒன்றிலிருந்து ஒன்றிற்கு அம்புக்குறி. ஒருமுறை ஒரு சிறுவன் எழுந்து, “டீச்சர், எங்கள் வீட்டில் நாலாவது வராதே” என்றான். வகுப்பு சிரித்தது, நானும் சிரித்துவிட்டுப் பாடத்தைத் தொடர்ந்தேன். அவன் கூறியது உண்மை. பூச்சி வெளிவந்தால் ஆயிரம் மீட்டர் வரை நீளும் ஒற்றை இழை அறுந்துவிடும். ஆகவே அது வெளிவருமுன்னரே வெப்பத்தால் கூட்டுக்குள்ளேயே மாய்க்கப்படுகிறது. ஒரு சேலைக்குப் பல ஆயிரம் கூடுகள் வேண்டும். வாத்தின் தூவியையாவது எஞ்சிய பொருள் என்று வாதிடலாம். பட்டு எஞ்சிய பொருளன்று; அதற்காகவே அவ்வுயிர்கள் வளர்க்கப்பட்டு மாய்க்கப்படுகின்றன. இதனை நன்கறிந்தே நான் பட்டு உடுத்தி ஜினாலயத்திற்குச் சென்றிருக்கின்றேன்.

புழு வளர்க்கும் குடும்பங்களை நான் பழிக்கவில்லை. அரை ஏக்கர் நிலத்தில் பிள்ளைகளைப் படிக்க வைத்தோர் அவர்கள். அவர்களுக்கு அது பிழைப்புத் தொழில். எனக்கோ அது அலங்காரம். பொறுப்பு என்னிடமே மிகுதி. காணாத நாட்டு வாத்தைக் குறித்து நுணுகி ஆராய்ந்த நான், என் வாயிற்படிக்கு எதிரே உள்ள உயிரைக் குறித்து எழுபது ஆண்டுகள் ஆராயவில்லை. தொலைவிலுள்ள பிழையை விலக்குதல் எளிது. அதனோடு நமக்கு நினைவுகள் இல்லை. பட்டோடு என் தாயின் நினைவும், என் மணநாளின் நினைவும் பின்னிக் கிடக்கின்றன. அறம் நம்மிடம் கேட்கும் விலை அங்கேதான் உயர்கிறது.

மறுநாள் குடும்பத்தாரிடம், இனி நான் பட்டு வாங்குவதுமில்லை, உடுத்துவதுமில்லை என்று கூறினேன். மணமகளை நான் வற்புறுத்தவில்லை. நோன்பு அவரவர் ஏற்பது. பிறர்மேல் சுமத்தினால் அதுவே ஒருவகை வன்முறையாகும். தையில் திருமணம் இனிது நடந்தது. மணமகள் காஞ்சிபுரப் பட்டே உடுத்தினாள். நான் நூல் சேலையில் மணமேடையருகே நின்றேன். சம்பந்தி வீட்டார் சிலர், பாட்டிக்கு இத்திருமணத்தில் மனக்குறையோ என்று கேட்டதாக அறிந்து வருந்தினேன். ஒவ்வொருவரிடமும் சென்று விளக்க இயலவில்லை. என் பழைய மணப்பட்டு இன்னும் பெட்டியில்தான் இருக்கிறது. அதனை எவருக்கேனும் கொடுத்துவிடுவதா, வைத்திருப்பதா என்பதில் எனக்கு இன்னும் தெளிவு பிறக்கவில்லை. பிறர் பயன்படுத்திய தூவிப் பையை இரவல் வாங்கலாமா என்று பேத்தியின் தோழி கேட்டபோதும் இதே தயக்கமே எனக்கு ஏற்பட்டது. புதிதாக ஓர் உயிரும் அதனால் மாய்வதில்லை. ஆயினும் உடன்படுதல் என்னும் மூன்றாம் வாயில் முற்றும் அடைபட்டுவிட்டதாகவும் கூற முடியவில்லை. கற்றறிந்த பெரியோர் இவ்விதழில் விளக்கினால் நன்றியுடையேன்.

பேத்தி பாலியெஸ்டர் பையோடு மார்கழியில் சென்று நலமே திரும்பினாள். குளிர் தாக்கவில்லை, நன்றாக உறங்கினேன் என்றாள். கடைசி நாள் ஏற்றத்தில் சுமை தோளை அழுத்தியது என்றும், தோழியரைவிடப் பின்தங்கியதாகவும் மறைக்காமல் கூறினாள். வருந்தினாயா என்று கேட்டேன். “ஏறும்போது வருந்தினேன், பிறகு இல்லை” என்றாள். இதைவிட நேர்மையான விடையை நான் எதிர்பார்க்கவில்லை.

மூன்று வினாக்கள்

உணவுக்கு வெளியே உள்ள பொருள்களை வாங்கும்போது நம் இல்லங்களில் மூன்று வினாக்களை வழக்கமாக்கிக்கொள்ளலாம் என்று தோன்றுகிறது. இப்பொருள் தோன்ற ஓர் உயிர் மாய வேண்டியிருந்ததா? அதனை விலக்கினால் என் உயிருக்கோ கடமைக்கோ ஊறு நேருமா, அன்றி எடையும் விலையும் வசதியும் மட்டுமே மாறுமா? பிறர் பொருளுக்கு நான் கேட்கும் இவ்வினாவை என் பெட்டியில் உள்ள பொருளுக்கும் கேட்டேனா?

முதலிரண்டையும் நான் பேத்திக்குக் கற்பித்தேன். மூன்றாவதை அவள் எனக்குக் கற்பித்தாள். இளையோர் வினா எழுப்பும்போது நாம் சினவாமல் செவிமடுத்தால், நம் அறம் அடுத்த தலைமுறையிலும் உயிரோடு விளங்கும்.

எவ்வுயிரும் இன்புறுக.